பத்து நிமிடத் தீ

பி.காம் முதல் வருட அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் 'ஃபயர் க்ளெய்ம்ஸ்' என்று ஒரு பாடம் உண்டு. அதில் எப்போதும் யாருடைய குடோனாவது எரிந்துகொண்டே இருக்கும். மார்ச் 31-ல் ஒன்று, ஜூன் 30-ல் இன்னொன்று. தீ எப்படிப் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. வாட்ச்மேன் என்ன ஆனார் என்றும் கேட்பதில்லை. எல்லாம் எரிந்தாலும் கணக்குப் புத்தகங்கள் மட்டும் எப்படியோ தப்பித்துவிடும் :-) போன வருட மொத்த லாப விகிதத்தைக் கண்டுபிடி, மெமோராண்டம் டிரேடிங் அக்கவுண்ட் போடு, தீ பிடித்த அன்று இருந்த சரக்கின் மதிப்பைக் கணக்கிடு, காப்பாற்றிய சரக்கைக் கழி, ஆவரேஜ் க்ளாஸ் இருக்கிறதா பார். விடை வந்துவிட்டால் பாடம் முடிந்தது. கம்பெனிக்குப் பணம் வந்துவிட்டது, மாணவனுக்கு மார்க் வந்துவிட்டது.

நிஜமான தீ இப்படி முடிவதில்லை. அதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. உலகம் முழுக்க மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்லித்தரும் கதைதான். ஆனாலும் காமர்ஸ் படிக்கிற ஒருவர் தன் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அதில் வேறொன்று தெரியும்.

இடி விழுந்த இரவு

2000-ம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மின்கம்பி ஒன்றில் இடி விழுந்தது. மின்சாரம் ஏறி இறங்கியது. அல்புகர்க்கி நகரத்தில் இருந்த பிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலையில் ஓர் உலையில் தீ பிடித்தது. பத்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க ஒன்றும் பாக்கி இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பாடப் புத்தகக் கணக்காக இருந்தால் இதை இரண்டு வரியில் முடித்திருக்கலாம். எரிந்தது சில தட்டு சிலிக்கான் வில்லைகள், அவ்வளவுதான்.

ஆனால் அது சிப் தொழிற்சாலை. ஆபரேஷன் தியேட்டரைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டிய அறை. ஒரு தூசி விழுந்தாலே சரக்கு வீண். அங்கே புகை பரவிவிட்டது, தண்ணீர் தெளித்துவிட்டது, ஆட்கள் பூட்ஸ் காலோடு ஓடிவிட்டார்கள். தீ தொடாத லட்சக்கணக்கான சிப்களும் பாழ். அறையைப் பழைய சுத்தத்துக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும் என்பது யாருக்கும் உடனே புரியவில்லை. பிலிப்ஸுக்கே புரியவில்லை.

பாதிக்கப்பட்ட ஆர்டர்களில் சுமார் 40 சதவீதம் இரண்டே இரண்டு வாடிக்கையாளர்களுடையது. ஒன்று பின்லாந்தின் நோக்கியா, இன்னொன்று ஸ்வீடனின் எரிக்ஸன். செல்போன் விற்பனை ஏறிக்கொண்டே போன காலம் அது. திங்கட்கிழமை பிலிப்ஸ் இரண்டு பேருக்கும் போன் செய்து ஒரே செய்தியைச் சொன்னது: சின்னத் தீ விபத்து, ஒரு வாரம் தாமதமாகும்.

ஒரே தீ, ஒரே போன், ஒரே நாள். அதற்குப் பிறகுதான் இரண்டு கம்பெனிகளும் வேறு வேறு பாதையில் போயின.

கவலைப்படுவதே வேலை

நோக்கியாவில் அந்தப் போனை எடுத்தவர் உதிரிபாகங்கள் வாங்கும் பிரிவின் அதிகாரி. ஒரு வாரத் தாமதம் பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் அவர் செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் மேலே சொன்னார். கெட்ட செய்தி சின்னதாக இருந்தாலும் உடனே மேலே போக வேண்டும் என்பது அங்கே பழக்கம். செய்தி போய்ச் சேர்ந்த ஆள் பெர்ட்டி கோர்ஹோனென், சப்ளை பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கென்றே இருந்த அதிகாரி. பிலிப்ஸிலிருந்து வர வேண்டிய ஐந்து வகை உதிரிபாகங்களை அவர் தனிக் கண்காணிப்பில் வைத்தார். வாரத்துக்கு ஒரு முறை விசாரிக்க வேண்டிய விஷயத்துக்குத் தினமும் போன் போனது. 'தொந்தரவு செய்கிறார்கள்' என்று பிலிப்ஸ்காரர்கள் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை!

இரண்டு வாரம் கழித்து பிலிப்ஸ் உண்மையை ஒத்துக்கொண்டது. தாமதம் ஒரு வாரம் இல்லை, இன்னும் பல வாரங்கள். நோக்கியா கணக்குப் போட்டுப் பார்த்தது. சுமார் 40 லட்சம் போன்களின் உற்பத்தி பாதிக்கப்படலாம் என்று வந்தது.

உடனே ஆட்கள் பல திசையில் கிளம்பினார்கள். சில பாகங்களுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வேறு சப்ளையர்கள் இருந்தார்கள். ஏற்கெனவே உறவு இருந்ததால் ஐந்தே நாள் அவகாசத்தில் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். வேறு வழியில்லாத பாகங்களுக்கு நோக்கியாவின் தலைவர் யோர்மா ஓலிலா பிலிப்ஸ் தலைமையிடமே நேரடியாகப் பேசினார். ஐரோப்பாவிலும் சீனாவிலும் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலைகளின் கூடுதல் திறனெல்லாம் நோக்கியா பக்கம் திரும்பியது. சில சிப்களின் வடிவமைப்பையே மாற்றி வேறு இடத்தில் செய்ய வழி பண்ணினார்கள். உற்பத்தி பெரிதாகத் தடைபடவில்லை.

எரிக்ஸனில் என்ன நடந்தது? அங்கேயும் ஒருவர் போனை எடுத்தார். 'ஒரு வாரம்தானே' என்று நினைத்தார். செய்தி கீழேயே தங்கிவிட்டது. செல்போன் பிரிவின் தலைவருக்கு விஷயம் தெரிந்தபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. அதற்குள் கூடுதலாகச் சிப் செய்து தரக்கூடிய இடங்களில் நோக்கியா துண்டு போட்டு வைத்துவிட்டது (நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட் பிடிப்பது போலத்தான்!).

எரிக்ஸனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1990-களின் நடுவில் செலவைக் குறைப்பதற்காக அது பல பாகங்களுக்கு ஒரே சப்ளையர் என்று சுருக்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆளிடமே மொத்தமாக வாங்கினால் விலை குறையும், பேப்பர் வேலை குறையும். படித்தவர்கள் யாரும் குறை சொல்ல முடியாத முடிவு. அந்த ஒரே சப்ளையரின் அறையில்தான் தீ பிடித்தது.

விளைவு: சுமார் 40 கோடி டாலர் விற்பனை இழப்பு. 2001 ஜனவரியில், இனிமேல் தானே செல்போன் உற்பத்தி செய்யப்போவதில்லை, ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸிடம் கொடுத்துவிடுகிறோம் என்று எரிக்ஸன் அறிவித்தது. அதே வருடம் அக்டோபரில் சோனியோடு சேர்ந்து 'சோனி எரிக்ஸன்' ஆனது. தீ மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. மாடல்கள் சரியாகப் போகாதது முதலான வேறு கோளாறுகளும் இருந்தன. ஆனால் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த ஆளைத் தள்ளிவிட அந்தப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

இன்சூரன்ஸ் இருந்ததா? இருந்தது. எரிக்ஸனுக்குப் பெரிய தொகை கிடைக்கவும் செய்தது. பாடப் புத்தகத்தின்படி கணக்கு அங்கே நேராகிவிட்டது. ஆனால் கடைக்கு வந்து 'ஸ்டாக் இல்லை' என்று கேட்டுவிட்டு நோக்கியா வாங்கிக்கொண்டு போன வாடிக்கையாளரை எந்த பாலிசியும் திருப்பிக் கொண்டுவராது.

சும்மா கிடக்கும் சரக்கு

இந்த இடத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறக்கலாம். ரீ-ஆர்டர் லெவல், மினிமம் லெவல், மேக்ஸிமம் லெவல், ஈ.ஓ.க்யூ. எல்லா சூத்திரங்களும் மாணவனுக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்லித் தருகின்றன. சரக்கு என்பது பணம். சும்மா கிடக்கும் சரக்கு சும்மா கிடக்கும் பணம். அதற்கு வட்டி, வாடகை, இன்சூரன்ஸ், எலி கடித்தால் நஷ்டம். எவ்வளவு குறைவாக வைத்துக்கொள்கிறானோ அவ்வளவு கெட்டிக்காரன்.

இதில் உலகத்துக்கே வாத்தியார் ஜப்பானின் டொயோட்டா. தாயிச்சி ஓனோ என்ற இன்ஜினியர் அங்கே வளர்த்தெடுத்த முறைதான் 'ஜஸ்ட் இன் டைம்'. தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும். அதிகப்படியான சரக்கு அவர் பட்டியலில் வீண்செலவுகளில் ஒன்று. ஜப்பானிய மொழியில் 'முடா' என்பார்கள்.

தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் எப்போதும் நாலு மூட்டை அரிசி அதிகமாகத்தான் வைத்திருப்பார். இரண்டு மண்டியில் கணக்கு வைத்திருப்பார். ஒரு மண்டிக்காரர் விலை கொஞ்சம் அதிகம் சொன்னாலும் உறவை வெட்டிக்கொள்ள மாட்டார். மழை பெய்து லாரி வராத நாளில் அவர் கடை மட்டும் திறந்திருக்கும்.

அண்ணாச்சி சொல்வது சரியா, ஓனோ சொல்வது சரியா? இதற்கான பதிலை டொயோட்டாவே கால் நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடல்தான் இந்த விஷயத்திலேயே சுவாரஸ்யமானது.

தையல் மிஷின் கம்பெனி செய்த பிரேக் பாகம்

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடிகாலை. ஜப்பானின் கரியா நகரத்தில் ஐசின் செய்க்கி கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. அங்கே செய்தது 'பி-வால்வ்' என்ற ஒரு சின்ன பிரேக் பாகம். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது. கைக்குள் அடங்கும். ஆனால் அது இல்லாமல் கார் வெளியே போக முடியாது. டொயோட்டாவுக்குத் தேவையான பி-வால்வுகளில் கிட்டத்தட்ட 99 சதவீதம் அந்த ஓர் இடத்திலிருந்து வந்தது. கையிருப்பு? ஜஸ்ட் இன் டைம் ஆயிற்றே. இரண்டு மூன்று நாளுக்குக்கூடப் போதாது. அடுத்த வாரத் தொடக்கத்தில் ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான அசெம்பிளி லைன்கள் நின்றன.

எல்லோரும் வாரக்கணக்கில் ஆகும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 200 கம்பெனிகள் ஏதோ ஒரு விதத்தில் வேலையில் இறங்கின. அவற்றில் பல பி-வால்வைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தையல் மிஷினுக்குப் பேர்போன பிரதர் கம்பெனியும் இருந்தது! கார் பாகம் செய்து பழக்கமே இல்லாத கம்பெனி, இருக்கிற மிஷினை மாற்றியமைத்து வால்வ் செய்து கொடுத்தது. விலை என்ன, காப்புரிமை யாருக்கு, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று எதுவும் பேசவில்லை. முதலில் வேலை, கணக்கு அப்புறம். சில நாட்களிலேயே முதல் வால்வுகள் வந்தன. ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் டொயோட்டா பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. பிறகு டொயோட்டா தன் சப்ளையர்களுக்கு நன்றியாகப் பணமும் கொடுத்தது.

இதை எந்தத் திட்டமும் எழுதி வைத்திருக்கவில்லை. டொயோட்டாவிடம் கூடுதல் சரக்கு இல்லை. ஆனால் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த வேறொன்று இருந்தது. 'இவன் கஷ்டத்தில் உதவினால் நமக்கு நஷ்டம் வராது' என்ற நம்பிக்கை. அண்ணாச்சி இரண்டாவது மண்டிக்காரரை வெட்டிக்கொள்ளாதது போல. பேலன்ஸ் ஷீட்டில் இதற்கு எந்தத் தலைப்பும் கிடையாது. குட்வில் என்று ஒரு வரி உண்டு, ஆனால் அது வேறு!

நம்பிக்கை மட்டும் போதாத நாள்

2011 மார்ச் 11. வடகிழக்கு ஜப்பானில் 9.0 அளவில் நிலநடுக்கம், தொடர்ந்து சுனாமி. பல்லாயிரம் உயிர்கள் போயின. தொழில்துறை இழப்பை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கும். ஆனால் உயிர் பிழைத்தவர்களுக்கு வேலை வேண்டுமே.

இந்த முறை நண்பர்கள் உதவியும் வேகமாகப் பலன் தரவில்லை. காரணம், எந்தப் பாகம் எங்கே நின்றுபோனது என்றே டொயோட்டாவுக்குத் தெரியவில்லை. தன் சப்ளையரைத் தெரியும். அவருக்கு சப்ளை செய்பவர்? அவருக்கும் சப்ளை செய்பவர்? அங்கே இருட்டு. கீழே போகப் போகக் கம்பெனிகள் பெருகும், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இருப்பார் என்று நினைத்திருந்தார்கள். பல பாகங்களில் நேர்மாறாக இருந்தது. மேலே பலர், நடுவில் இன்னும் பலர், அடியில் எல்லோரும் ஒரே தொழிற்சாலையை நம்பிக்கொண்டு!

அப்படிப்பட்ட ஒன்றுதான் இபராக்கி மாகாணத்தில் ரெனெசாஸ் கம்பெனியின் நாக்கா தொழிற்சாலை. கார்களுக்கான மைக்ரோ கன்ட்ரோலர் சிப் செய்யும் இடம். நிலநடுக்கத்தில் அது முடங்கியது. கார் கம்பெனிகள் தங்கள் ஆட்களையே அனுப்பின. ஒரு கட்டத்தில் வெளியிலிருந்து மட்டும் ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை வந்து மீட்பு வேலை செய்தார்கள். ஜூனில் மறுபடி உற்பத்தி தொடங்கியது. டொயோட்டா முழுதாக எழுந்து நிற்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு டொயோட்டா இரண்டு காரியம் செய்தது. ஒன்று, எந்தப் பாகம் எந்தக் கம்பெனியின் எந்த ஊர்த் தொழிற்சாலையில் தயாராகிறது என்று அடிமட்டம் வரை ஒரு தகவல் தொகுப்பைக் கட்டியது. இரண்டாவது, ஓனோ கேட்டால் அதிர்ச்சி அடைந்திருப்பார். சிப் போன்ற, நின்றால் உடனே கிடைக்காத பொருட்களை, பாகத்தைப் பொறுத்து இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. ஜஸ்ட் இன் டைம் கம்பெனி, ஸ்டாக் சேர்க்கச் சொன்னது! 'நீங்களே செலவழித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்றும் கைகழுவவில்லை. வருடா வருடம் சப்ளையர்களிடம் கேட்டு வாங்கும் விலைக் குறைப்பில் ஒரு பகுதியை இதற்காக விட்டுக்கொடுத்தது.

பத்து வருடம் அந்த சரக்கு சும்மா கிடந்தது. ஒவ்வொரு வருடமும் ஆடிட் அறையில் உட்கார்ந்திருக்கும் இளம் அக்கவுண்டன்ட் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 'சார், இந்த இன்வென்டரியைக் குறைத்தால் இவ்வளவு மிச்சம்' என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. மார்க்கும் கிடைத்திருக்கும்.

2021-ல் கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், வோக்ஸ்வேகன் என்று வரிசையாக உற்பத்தியைக் குறைத்தார்கள். அந்தப் பிப்ரவரியில் டொயோட்டா தன் வருட லாப எதிர்பார்ப்பை உயர்த்தியது. அடுத்த மாதமே இன்னொரு சோதனை: மார்ச் 19 அன்று அதே ரெனெசாஸ் நாக்கா தொழிற்சாலையில் தீ விபத்து! அதையும் தாண்டி, அந்த வருடம் அமெரிக்க விற்பனையில் டொயோட்டா ஜெனரல் மோட்டார்ஸை முந்தியது. 1931-லிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுக்கொடுக்காத முதலிடம் அது.

'ஆகவே டொயோட்டா ஜெயித்தது, சுபம்' என்று முடித்தால் பொய்யாகிவிடும். கையிருப்பு என்பது நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். தட்டுப்பாடு நீண்டபோது, தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவியதும் சேர்ந்து, 2021 செப்டம்பர் உற்பத்தியைத் திட்டமிட்டதிலிருந்து 40 சதவீதம் குறைப்பதாக அதே டொயோட்டா அறிவிக்க வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜப்பானில் டொயோட்டாவின் 14 அசெம்பிளி தொழிற்சாலைகளும் ஒரு நாள் நின்றன. நிலநடுக்கம் இல்லை, தீ இல்லை. பாகங்களுக்கு ஆர்டர் போடும் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையின்போது டிஸ்கில் இடம் போதவில்லை! மாற்று சர்வர் இல்லையா? இருந்தது. ஆனால் அதுவும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதே கோளாறு அதற்கும் வந்தது. பேக்கப் வைத்திருந்தார்கள், ஆனால் அசலோடு சேர்ந்து விழும் பேக்கப்.

காகிதமும் கால்களும்

பெரிய கம்பெனிகள் இதற்கெல்லாம் எப்படித் தயாராகின்றன? 'பிசினஸ் கன்டின்யூயிட்டி பிளான்' என்று ஒரு தடிமனான ஃபைல் இருக்கும். இதற்கென்று 2012-லிருந்து ஐ.எஸ்.ஓ. 22301 என்ற சர்வதேசத் தரமும் உண்டு. உள்ளே இருக்கும் கேள்விகள் எளிமையானவை. எந்த வேலை நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும்? எவ்வளவு தகவல் அழிந்தால் சமாளிக்கலாம்: ஒரு நிமிடத்துடையதா, ஒரு நாளுடையதா? ஆபீஸ் போய்விட்டால் எங்கே உட்காருவது? யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? முடிவெடுப்பவர் கிடைக்கவில்லை என்றால் அடுத்து யார்?

பதில்களை எழுதுவது கஷ்டமில்லை. எழுதியதை நடத்திப் பார்ப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் ஒத்திகைக்கும் செலவு உண்டு, வேலை நேரம் வீண்.

மார்கன் ஸ்டான்லி கதை இங்கே பொருந்தும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் அந்த நிதி நிறுவனத்துக்குச் சுமார் 2,700 ஊழியர்கள். பாதுகாப்பு அதிகாரி ரிக் ரெஸ்கோர்லா, வியட்நாம் போரில் சண்டையிட்டவர். 1993-ல் அந்தக் கட்டடத்தில் குண்டு வெடித்த பிறகு, மறுபடி தாக்குதல் வரும் என்று உறுதியாக நம்பினார். ஊழியர்களைத் திரும்பத் திரும்ப மாடிப்படி வழியாக இறங்க வைத்தார். கோடிக்கணக்கில் வியாபாரம் பேசிக்கொண்டிருப்பவரை போனை வைத்துவிட்டுப் படி இறங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முணுமுணுத்தார்கள், ஆனாலும் இறங்கினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரத்தில் விமானம் மோதியபோது, 'இடத்திலேயே இருங்கள்' என்று ஒலிபெருக்கி சொன்னது. ரெஸ்கோர்லா கேட்கவில்லை. எல்லோரையும் இறக்கினார். மிகப் பெரும்பாலானோர் உயிர் தப்பினார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க அவர் மறுபடி மேலே போனார், திரும்பி வரவில்லை.

அந்த ஒத்திகைகளில் வீணான மணி நேரங்களைக் காஸ்ட் ஷீட்டில் 'ஐடில் டைம்' என்றுதான் எழுத வேண்டும். லாப நஷ்டக் கணக்குக்கு நேராகக் கொண்டுபோய்விடச் சொல்கிறது பாடம்.

கணக்கில் வராத வரவு

நோக்கியாவின் தினசரி போன், டொயோட்டாவின் சும்மா கிடந்த சிப், பிரதர் கம்பெனியோடு இருந்த நல்லுறவு, ரெஸ்கோர்லாவின் படிக்கட்டு. நான்குக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பேரிடர் வராத எல்லா வருடங்களிலும் இவை செலவாக மட்டுமே தெரியும். வெட்டினால் அந்த வருடமே லாபம் தெரியும், வெட்டியவருக்குப் பதவி உயர்வும் கிடைக்கலாம். ஒரே சப்ளையர் என்று சுருக்கிய எரிக்ஸன் அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை. தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கக்கூடிய விடையைத்தான் எழுதினார்கள்.

நோக்கியாவின் மீதிக் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அது தமிழ்நாட்டில் வந்து முடிவதால். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பலருக்கு அதுதான் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம். அடுத்த வருடமே ஐபோன் வந்தது, பிறகு ஆண்ட்ராய்ட் வந்தது. எங்கோ நியூ மெக்ஸிகோவில் பத்து நிமிடம் எரிந்த தீயின் வாசனையைப் பிடித்த கம்பெனி, தன் வீட்டுக் கூரையில் பிடித்ததைக் கவனிக்கத் தாமதித்தது. 2011 பிப்ரவரியில் அன்றைய தலைவர் ஸ்டீபன் எலாப் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், எரியும் எண்ணெய் மேடையில் நிற்கும் மனிதனுக்குத் தன் கம்பெனியை ஒப்பிட்டார். 2014 ஏப்ரலில் செல்போன் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் அது மூடப்பட்டது.

கம்பெனி என்ற அளவில் நோக்கியா பிழைத்துக்கொண்டது. நெட்வொர்க் கருவிகள் செய்கிறது, லாபமும் பார்க்கிறது. எரிக்ஸனும் அப்படியே. பெரிய கம்பெனிகள் ஏதோ ஒரு வடிவத்தில் மீண்டுவிடும், அதற்குத்தான் அவ்வளவு பெரிய ஃபைல். ஸ்ரீபெரும்புதூரில் யூனிபார்மைக் கழற்றி மடித்து வைத்த பெண்ணுக்கு அப்படி ஒரு ஃபைல் கிடையாது. இன்னொரு சப்ளையரும் கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், கையிருப்பு ஒரு மாதத்துக்குக்கூட வராது. ஜஸ்ட் இன் டைம் வாழ்க்கை!

காமர்ஸ் படித்து முடிக்கும் பலர் இன்னும் சில வருடங்களில் ஏதாவது ஒரு கம்பெனியில் செலவைக் குறைக்கும் நாற்காலியில் உட்காருவார்கள். அவர்கள் மேஜைக்கு ஒருநாள் ஒரு பட்டியல் வரும். பத்து வருடமாக யாரும் தொடாத ஸ்டாக். விலை கொஞ்சம் அதிகமான இரண்டாவது சப்ளையர். வருடத்துக்கு இரண்டு முறை எல்லோரையும் படி இறங்க வைக்கும் ஒரு கிறுக்கு செக்யூரிட்டி ஆபீசர். எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரு தொகை, அடித்துவிட்டால் இந்த வருடமே மிச்சம்.

வராத வெள்ளத்தை, பிடிக்காத தீயை வரவு வைக்க எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை. அடிப்பதற்கு முன் அதை மட்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.